சகுனிக்குப் படுகளம் இல்லை

கோவாவில் கோவாக்காரர் சூதாடக் கூடாது. 2020 பிப்ரவரி 1 முதல் அப்படி ஒரு விதி. மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களில் சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான் ஏறலாம். நுழைவில் அடையாள அட்டையை வாங்கி முகவரியைப் பார்க்கிறார்கள். பணஜி, மாப்புசா என்று உள்ளூர் முகவரி இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். என் ஆதாரில் அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம் என்று போட்டிருந்தது. பார்த்ததும் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்தார், மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டினார், 'வெல்கம் சார்' என்றார். சொந்த மாவட்டத்தில் எந்த ஆபீசிலும் என் முகவரிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

இந்த வேலி கோவா அரசின் மூளையில் மட்டும் உதித்ததில்லை. மொனாக்கோ நாட்டுக் குடிமக்கள், உலகமே போய்ப் பார்க்கிற மோண்டி கார்லோ கேசினோவில் ஆட முடியாது. நேபாளத்துக் கேசினோவில் நேபாளிக்குத் தடை. சிங்கப்பூரில் குடிமகன் உள்ளே போவதென்றால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். நாம் போனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். சாராயம் காய்ச்சுகிறவன் தன் பிள்ளையை ஊறல் பானைப் பக்கம் விடமாட்டான். ஜவ்வாது மலையடிவாரத்தில் பிறந்த எங்களுக்கு இது தெரிந்த நியாயம்தான். அதை ஒரு மாநில அரசே சட்டமாக எழுதி வைத்திருப்பதுதான் பார்க்கப் புதிதாக இருந்தது. இந்த மேசையில் உட்காருகிறவன் நாசமாவான் என்று அரசுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தன் ஆளை வெளியே நிறுத்துகிறது. வேலூர்க்காரன் நாசமானால் அதற்குப் பெயர் சுற்றுலா வளர்ச்சி.

கோவாவில் கேசினோவை விரட்டுவோம் என்று எதிர்க்கட்சியில் இருந்தபோது தெருவில் இறங்கியவர் மனோகர் பாரிக்கர். 2012-ல் அவரே முதலமைச்சர் ஆனார். கப்பல்களை மாண்டவியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுவதற்கு அவகாசம், அந்த அவகாசத்துக்கு நீட்டிப்பு, நீட்டிப்புக்கு இன்னொரு நீட்டிப்பு என்று போனது. முதலமைச்சர்கள் மாறினார்கள். கப்பல்கள் இடம் மாறவில்லை. நம் ஊரில் மதுவிலக்கு வாக்குறுதி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணஜி ஆற்றங்கரைச் சாலையில், அடில்ஷா அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. அபே ஃபாரியா என்ற கோவாப் பாதிரியார் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார். அவர் எதிரில் ஒரு பெண் நினைவு தப்பிச் சாய்கிறாள். மனவசியக் கலையில் உலகம் அறிந்த பெயர் அவருடையது. கப்பலுக்குப் போகிற கூட்டம் அவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறது. சிலையை வைத்தது 1945-ல். கேசினோ வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டார்கள், படிக்கத்தான் ஆளில்லை.

சிறு படகில் ஏற்றிக் கப்பலில் கொண்டு விடுகிறார்கள். உள்ளே கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது, இரவா பகலா என்று தெரியாது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை வில்லைகளாகத் திருப்பித் தருகிறார்கள். ஆஹா என்று வாங்கினால், அந்த வில்லையைக் காசாக மாற்ற முடியாது, ஆடித்தான் தீர்க்க வேண்டுமாம். சாப்பாடு எவ்வளவு வேண்டுமானாலும், குடி எவ்வளவு வேண்டுமானாலும், மேடையில் ஆட்டம். குழந்தைகளுக்குத் தனி அறை. அப்பா தோற்கிற வரை பிள்ளை பந்து விளையாடலாம். அங்கே பிரியாணி என்று ஒன்றும் வைத்திருந்தார்கள். ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்து போனவன் அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

ஆண்கள் செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் வந்தால் விடுவதில்லை, ஷூ கட்டாயம் என்றார்கள். நான் சுற்றியிருந்த கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு, அப்பர் தைத்து, ஷூவாக்கி உலகத்துக்கு அனுப்புகிறோம். விடியக்காலையில் கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கிற எங்கள் ஊர்ப் பெண்கள் தைத்த தையல், இத்தாலியில் நடக்கிறது, ஜெர்மனியில் நடக்கிறது, யார் கண்டது, அந்தக் கம்பளத்திலும் நடந்திருக்கும். அதைத் தைத்தவளின் புருஷன் செருப்போடு வந்தால் வாசலோடு சரி. அவளுடைய ஒரு மாதச் சம்பளம் எதிர் மேசையில் ஒரே சுற்றில் போனது. போட்டவர் கொட்டாவி விட்டார்.

கூட வந்த மாமா ஒரு மேசையைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "டேய், இது நம்ம மங்காத்தாடா! இதுக்காடா பஸ் புடிச்சு இம்மாந்தூரம் வந்தோம்?" உண்மைதான். அந்தர் பாஹர் என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே, வெளியே. ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அதே எண் எந்தப் பக்கம் விழுகிறது என்று பணம் கட்டுகிற அதே பழைய ஆட்டம். பச்சைத் துணி விரித்து, கோட்டுப் போட்ட பெண் சீட்டைப் பிரித்துப் போட்டால் அது பொழுதுபோக்குத் தொழில். அரசுக்கு வரி வருகிறது. இதே ஆட்டத்தை ஒடுகத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பில் துண்டு விரித்து ஆடினால், 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஜீப்பில் வரும். மறுநாள் பத்திரிகையில் 'பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது. சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல்' என்று நாலு வரி. அப்பன் பெயர், வயது, தெருவோடு.

நான் கப்பலைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. பாராட்டத்தான் எழுதுகிறேன். மேசைகளில் ரூலெட் சக்கரத்தைப் பாருங்கள். ஒன்று முதல் 36 வரை எண், அதோடு ஒரு பூஜ்யம், ஆக 37 குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு ரூபாய் வைத்தால் 37 ரூபாய் ஆகிறது. எந்த எண் விழுந்தாலும் திரும்புவது 36. ஆட்டம் நடத்துகிறவனுக்கு நூற்றுக்கு இரண்டே முக்கால் ரூபாய்கூட இல்லை. சில கப்பல்களில், சில நாடுகளில் இரண்டு பூஜ்யம் வைத்து இரண்டு பங்காக அடிக்கிறார்கள். இந்தக் கணக்கை யாரும் மறைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். 'இங்கே வந்தால் தோற்பாய், மெதுவாகத் தோற்பாய், நடுவில் சாப்பிட்டுக்கொள்' என்று சொல்லித்தான் உள்ளே விடுகிறார்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்த ஆட்டங்களோடு ஒப்பிட்டால் அந்தக் கப்பலுக்குக் கோயில் கட்டலாம்.

லட்சம் ரூபாய் போட்டால் மாதம் எட்டாயிரம். இந்த ஒற்றை வாக்கியம் வேலூர் மாவட்டத்தில் புகுந்து புறப்படாத தெரு இல்லை. காட்பாடியைத் தலைமையிடமாக வைத்து நடந்த ஐஎஃப்எஸ் என்ற நிதி நிறுவனத்தில் 2022 ஆகஸ்டில் சோதனை நடந்தது. ஏறத்தாழ 84,000 பேர், ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் கணக்குச் சொன்னது. அதே ஆண்டில் ஆருத்ரா கோல்டு வழக்கு: ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,438 கோடி. அங்கே வட்டி மாதத்துக்கு 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டினார்கள் என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. 6,000 கோடி என்பது கோவாவில் கப்பலேறிக் குடித்துக் கும்மாளமிட்டவர்கள் விட்ட பணமில்லை. பி.எஃப். எடுத்த பணம். தாலிக்கொடியை அடகு வைத்த பணம். பெண் கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டு எடுத்து, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கட்டிய பணம். மேஸ்திரி, வாத்தியார், ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர், தோல் ஷாப்பில் கால் நூற்றாண்டு நின்று கை வெந்துபோனவர்.

இந்த ஆட்டத்தில் வாசலில் யாரும் ஆதார் கேட்கவில்லை. ஆமாம், கேட்டார்கள்: பாண்டு எழுதுவதற்கு ஒரு ஜெராக்ஸ்.

வட்டியாக மாதம் எட்டு சதவீதம் தருகிறவன் எந்தத் தொழில் செய்து தருகிறான் என்று அன்றைக்கு எந்த அதிகாரியும் கேட்கவில்லை. நாலு மாடி ஆபீஸ், வாசலில் வரிசை, தெருவுக்குத் தெரு ஏஜென்ட். எங்கள் தெருவில் ஒரு கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தவர் வேறு யாருமில்லை, எல்லோருக்கும் அண்ணன். 'எம் மேல நம்பிக்க இல்லியாம்மா?' என்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதிலே கிடையாது. புது பைக் வந்தது, புது கார் வந்தது, வீட்டு முகப்புக்கு கிரானைட் வந்தது. கோவாவுக்கு இன்பச் சுற்றுலா போய்வந்து ஸ்டேட்டஸ் வைத்தார். கப்பலுக்குள் நின்று வில்லையைக் கையில் பிடித்தபடி ஒரு படம். யாருடைய பணத்தில் ஆடினார் என்று கேட்க எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. மாதம் பத்தாம் தேதி பணம் வந்துகொண்டிருந்தது.

முழுகிய பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தொலைக்காட்சியில் உட்கார்ந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் 'பேராசை பெருநஷ்டம்' என்றார்கள். பஞ்சப்படிக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் கம்பெனியை வெளிமாநிலத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மிரட்டப்படுகிறவள், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்க லட்ச ரூபாயைப் பெருக்கப் பார்த்தால் அது பேராசை. 6,000 கோடி திரட்டியவருக்கு எங்கள் பத்திரிகைகள் வைத்த பெயர் 'நிதி நிறுவன அதிபர்'.

எங்கள் பகுதியில் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலெல்லாம் பிரசங்கம், ராத்திரி கூத்து. பகடை துகில் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. தர்மர் நாட்டை வைப்பார், தம்பிகளை வைப்பார், பெண்டாட்டியை வைப்பார். கொட்டகைக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற கிழவிகள் 'வைக்காத சாமி, வைக்காத' என்று நிஜமாகவே அழுவார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனனை நீட்டிப் படுக்க வைத்திருப்பார்கள், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு. தொடையில் அடி விழும். சில ஊர்களில் பெண்கள் துடைப்பத்தால் சாத்துவார்கள். ஊரே கோபத்தைத் தீர்த்துக்கொண்டு குளிக்கப் போகும்.

சகுனிக்கு மண்பொம்மை கிடையாது. காயை உருட்டியவன் அவன். பதினெட்டாம் போரில் செத்தான் என்று பிரசங்கியார் ஒரு வரியில் கடந்துவிடுவார். துடைப்பம் படாமலேயே மேடையை விட்டு இறங்கிவிடுவான். எங்கள் பணம் போன கதையும் அதே வரிசையில்தான் போகிறது. மேலே இருந்தவர்களில் சிலர் பிடிபட்டார்கள், சிலர் ஜாமீனில் வந்தார்கள், சிலர் நாட்டிலேயே இல்லை என்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து காயை உருட்டி, கமிஷன் எடுத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான சகுனிகள் 'நானும் ஏமாந்தவன்தான்' என்று கிரானைட் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். துடைப்பம் தூக்க ஆளில்லை. உறவுக்காரர் ஆயிற்றே.

அரசுகளுக்கு எப்போதுமே எது சூது, எது திறமை என்பதில்தான் கவலை. ஏழை உட்கார்ந்தால் சூது. கிண்டியில் 160 ஏக்கரில் குதிரை ஓடினால் திறமை. 1974-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், சூது இல்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1945-ல் போட்ட குத்தகைப்படி அந்த 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். அணைக்கட்டில் ஒரு டீக்கடைக்கு ஒரு மாதம் அந்த வாடகைக்கு விடமாட்டார்கள். பாக்கி 730 கோடி என்று சொல்லி அரசு சீல் வைத்தது 2024 செப்டம்பரில். அது வரைக்கும் திறமை ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ரம்மி. செல்போனுக்குள் சீட்டுக்கட்டு வந்து, சினிமாக்காரர்கள் அதை ஆடச் சொல்லி, பிள்ளைகள் கடன்பட்டு, ஊர் ஊராகச் சாவுச் செய்தி வந்தபிறகு, 2022 அக்டோபரில் சட்டசபை தடை மசோதாவை நிறைவேற்றியது. மசோதா ஆளுநர் மாளிகையில் நான்கு மாதத்துக்கு மேல் ஓய்வெடுத்தது. ஆன்லைன் விளையாட்டு நிறுவனத்தார் இடையில் ஆளுநரைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று செய்தி வந்தது. செத்தவன் வீட்டுக்காரர்களை அவர் பார்த்ததாக நான் படிக்கவில்லை. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது, மறுபடி நிறைவேறியது, ஏப்ரலில் கையெழுத்தானது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமையாட்டம், அவற்றைத் தடுக்க முடியாது என்றது. கடைசியில் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த மாதமே கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. தடுக்க முடிந்ததைத் தடுத்து, தடுக்க மனமில்லாததில் பங்கு வாங்கிக்கொள்வது என்று இதற்கு அர்த்தம்.

வேலூர் தொகுதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2019 ஏப்ரலில், காட்பாடிப் பக்கம் சிமென்ட் கிடங்கில் 11 கோடிக்கு மேல் ரொக்கம் பிடிபட்டு, ஓட்டுப்போட இரண்டு நாள் இருக்கும்போது மக்களவைத் தேர்தலே ரத்தானது. பணப் பட்டுவாடாவுக்காக மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. அணைக்கட்டும் அந்தத் தொகுதிக்குள் அடக்கம். ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடத்தினார்கள். எத்தனை கவர் வரும், எந்தக் கட்சி முதலில் தரும் என்று எங்கள் டீக்கடையில் நடக்கிற கணிப்பைக் கேட்டால் கோவாக் கப்பல்காரன் மேலாளர் வேலைக்கே கூப்பிடுவான்.

சரி, பணத்தை விடுங்கள். எங்கள் வட்டத்தில் அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது மலைக்குச் சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், பாதை இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டது. தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தார். நாடு முழுக்கப் படம் வந்தது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், வனத்துறை அனுமதி என்றார்கள். எங்கள் மலையில் ஒரு பிள்ளை விஷக்கடியோடு கிளம்பினால் உள்ளேயா வெளியேயா என்பது சீட்டு விழுகிறபடிதான். கோவாவுக்குப் போய் ஆட வேண்டிய அவசியம் எங்களுக்கு என்ன?

கோவாவில் ஆறு இருக்கிறது, அதனால் கப்பல் நிற்கிறது. பாலாற்றில் கப்பல் நிறுத்த முடியாது. தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை. தோல் கழிவு இருக்கிறது. 1996-ல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவனே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். 2001-ல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் இழப்பீடு என்று கணக்குப் போட்டார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். கிணறு, நிலம், தென்னை, கறவை, ஒரு தலைமுறையின் தோல், எல்லாம் சேர்த்து. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றுக்காக இழப்பீடு கொடு, வசூல் செய், கமிட்டி போடு என்று உத்தரவு எழுத வேண்டியிருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மேசையில் காய் உருட்டியவர்கள் யாரும் தோற்று எழுந்ததாகத் தெரியவில்லை. ஆற்றைப் பந்தயமாக வைத்தவர்கள் நாங்கள் இல்லை. வைக்கப்பட்டது எங்கள் ஆறு.

கோவாக்காரனைப் பார்த்து எனக்குப் பொறாமை. கப்பலுக்காக இல்லை. தன் ஆள் தோற்கக் கூடாது என்று ஒரு அரசு வாசலில் ஆள் போட்டு அட்டையைப் பார்க்கிறதே, அதற்காக. இங்கே அந்த வேலியைக் கேட்டால் தனிநபர் உரிமை என்கிறார்கள், தொழில் சுதந்திரம் என்கிறார்கள், முழுகிய பிறகு பேராசை என்கிறார்கள்.

பணம் கட்டியவர்கள் இன்னும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போனால் பார்க்கலாம். பாண்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, மனு எழுதத் தெரியாமல், வாசலில் ஐம்பது நூறு கொடுத்து யாரையாவது எழுதச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கிற பெண்களுக்கு இலவசமாக நாலு வரி எழுதிக் கொடுக்கக்கூடியவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரம் பேராவது இருப்பீர்கள். காலையிலேயே வாருங்கள். வரும்போது உங்கள் தெரு ஏஜென்ட் அண்ணன் பெயரையும் முழு முகவரியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். உறவுக்காரராக இருந்தாலும் சரி.